லினக்ஸ் சர்வரில் டிஸ்க்கை விழுங்கும் லாக் ஃபைல்கள்: தானாகச் சுழற்றுவது எப்படி? எத்தனை நாள் வைத்திருப்பது?

2023 ஆகஸ்ட் 29. ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றுபோயின. மொத்தம் 28 அசெம்ப்ளி லைன்கள். ஹேக்கர்களின் கைவரிசையோ என்ற சந்தேகம் உடனே எழுந்தது. சில நாள் கழித்து நிறுவனமே காரணத்தைச் சொன்னது. சைபர் தாக்குதல் எதுவும் இல்லை. உதிரிபாக ஆர்டர்களைக் கவனிக்கும் சர்வர்களில் பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்க்கில் இடம் போதவில்லை. அவ்வளவுதான்! மாற்று ஏற்பாடும் அதே சிஸ்டத்தில் இருந்ததால் அதுவும் சேர்ந்தே படுத்துவிட்டது. கொள்ளளவு அதிகமுள்ள வேறு சர்வருக்கு டேட்டாவை மாற்றிய பிறகுதான் நிலைமை சீரானது.

அங்கே இடத்தை அடைத்தது லாக் ஃபைல் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், நம்மைப் போன்றவர்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் சின்னச் சின்ன கிளவுட் சர்வர்களில் டிஸ்க் நிரம்பினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது லாக்கைத்தான். அதைக் கட்டுக்குள் வைக்கும் கருவி உங்கள் லினக்ஸிலேயே பெரும்பாலும் இருக்கிறது. பெயர் லாக்ரொட்டேட். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றும் என்று பார்ப்போம்.

ஒரு சின்ன விஷயம். கமாண்டுகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

எவ்வளவு வேகமாக நிரம்பும்?

ஒரு வெப் சர்வருக்கு யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், பதில் போனதா இல்லையா என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதப்படும். அதுதான் லாக். லினக்ஸில் இவை வழக்கமாக /வார்/லாக் என்ற ஃபோல்டரில் சேரும்.

ஒரு வரி சுமார் 200 பைட் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 லட்சம் ரெக்வெஸ்ட் வந்தால் 200 எம்பி. சர்வரில் 15 ஜிபி காலியாக இருந்தால் 75 நாள் தாங்கும். இதற்கிடையில் ஏதோ ஒரு பிழையைத் தேடுவதற்காக யாரோ டீபக் லாக்கை ஆன் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு ரெக்வெஸ்டுக்கு ஒரு வரி எழுதிய இடத்தில் இப்போது 20 வரி. நாளைக்கு 4 ஜிபி. 75 நாள் தாங்க வேண்டிய டிஸ்க் நாலே நாளில் காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன் செய்தால் செவ்வாய்க்கிழமைக்குள் கதை முடிந்துவிடும்.

டிஸ்க் நிரம்பிவிட்டால் 'டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று சர்வர் நாகரிகமாகச் சொல்லாது. லாகின் செய்தவர்கள் திடீரென்று வெளியே தள்ளப்படுவார்கள், ஏனென்றால் செஷன் ஃபைலை எழுத இடமில்லை. போட்டோ அப்லோட் ஆகாது. டேட்டாபேஸ் எழுதுவதை நிறுத்தும். ஆர்டர் வந்ததா, பணம் பிடித்ததா என்று கஸ்டமர் கேட்பார். காரணத்தைத் தேடி லாக்கைத் திறந்தால் அங்கே கடைசி வரி பாதியில் நிற்கும். பிரச்னையைப் பதிவு செய்யவும் இடம் இல்லையே!

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் 5 சதவிகித இடம் ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கப்படுவது வழக்கம். அதனால் அட்மின் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் ஓரளவு ஓடுவதுபோல் தெரியும். ரூட் உரிமையில்லாமல் ஓடும் அப்ளிகேஷன் மட்டும் திணறிக்கொண்டிருக்கும். "என் பக்கத்தில் நல்லாத்தானே இருக்கு" என்ற வசனம் அப்போதுதான் வரும்.

டெலீட் செய்தும் இடம் வரவில்லையே?

இந்த நிலையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெரிய லாக் ஃபைல் எது என்று தேடிப்பிடித்து, ஆர்எம் கமாண்ட் கொடுத்து அழித்துவிடுவது. ஃபைல் மறைந்துவிடும். டிஎஃப் -எச் என்று அடித்துப் பார்த்தால் டிஸ்க் இன்னும் 100 சதவிகிதம் என்றே காட்டும்.

இதைப் புரிந்துகொண்டால் லாக் சுழற்சியில் பாதி புரிந்த மாதிரி. லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. பெயர் என்பது வாசலில் மாட்டிய பெயர்ப் பலகை. ஆர்எம் அந்தப் பலகையைத்தான் கழற்றுகிறது. உள்ளே குடியிருப்பவர், அதாவது அந்த ஃபைலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம், காலி செய்தால்தான் வீடு காலியாகும். பலகை போன பிறகும் புரோகிராம் அதே ஃபைலில் தொடர்ந்து எழுதும். இடமும் குறைந்துகொண்டே போகும். இப்போது உங்கள் கண்ணுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இப்படி மறைந்திருக்கும் ஃபைல்களைப் பார்க்க, ரூட்டாக எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று கொடுங்கள். பெயர் போய்விட்ட, ஆனால் இன்னும் திறந்திருக்கும் ஃபைல்கள் அனைத்தும், எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்ற விவரத்தோடு வரிசையாக வரும். அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும்.

அவசரத்துக்குச் சரியான வழி, அழிக்காமல் காலி செய்வது. ட்ரங்கேட் -எஸ் 0 என்று எழுதி, பக்கத்தில் ஃபைலின் பெயரைக் கொடுத்தால் போதும். பலகை அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் வெளியேறும். ஆனால், அந்த லாக்கில் இருந்த ஆதாரமும் அதோடு போய்விடும். முடிந்தால் கடைசி சில ஆயிரம் வரிகளையாவது உங்கள் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

லாக்ரொட்டேட் என்ன செய்கிறது?

லாக்ரொட்டேட் 1990-களில் ரெட் ஹேட் நிறுவனத்தில் பிறந்த கருவி. எரிக் ட்ரோன், பிரஸ்டன் பிரவுன் ஆகியோரின் பெயர்கள் இன்றும் அதன் கையேட்டில் இருக்கின்றன. உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் குடும்பம் என்று முக்கிய லினக்ஸ்கள் அனைத்திலும் இது கிடைக்கும்.

வேலை எளிமையானது. இன்றைய லாக்கின் பெயரை மாற்றும். புதிதாகக் காலி ஃபைல் ஒன்றை அதே பழைய பெயரில் உருவாக்கும். முந்தையவற்றைச் சுருக்கி வைக்கும். நீங்கள் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டினால் மிகப் பழையதை அழிக்கும்.

இது எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அல்ல. சமீபத்திய உபுண்டு, டெபியனில் சிஸ்டம்டி டைமர் ஒன்று இதை நாளுக்கு ஒருமுறை எழுப்பிவிடும். பழைய சிஸ்டங்களில் அந்த வேலையை கிரான் செய்யும். எழுந்து, பார்த்து, செய்து, தூங்கிவிடும். இந்த 'நாளுக்கு ஒருமுறை' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இது தேவைப்படும்.

விதிகள் இரண்டு இடத்தில் இருக்கும். பொதுவானவை /இடிசி/லாக்ரொட்டேட்.கான்ஃப் என்ற ஃபைலில். ஒவ்வொரு மென்பொருளுக்குமான தனி விதிகள் /இடிசி/லாக்ரொட்டேட்.டி என்ற ஃபோல்டரில். அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலேயே என்ஜின்எக்ஸ், ஆர்சிஸ்லாக் போன்றவற்றின் பெயர்கள் இருக்கும். ஏபிடி மூலம் நிறுவும் மென்பொருள்கள் பல தங்கள் விதியைத் தாங்களே கொண்டுவந்துவிடும்.

அப்படியானால் டிஸ்க்கை நிரப்புவது எது? நீங்களோ உங்கள் டீமோ எழுதிய அப்ளிகேஷன். அது எங்கோ ஒரு ஃபோல்டரில் ஆப்.லாக் என்று எழுதிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு ஃபைல் இருப்பதே லாக்ரொட்டேட்டுக்குத் தெரியாது. அதற்கான விதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

விதி எழுதுவோம்

'கடை' என்ற பெயரில் ஒரு அப்ளிகேஷன், அதன் லாக் /வார்/லாக்/கடை என்ற ஃபோல்டரில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். /இடிசி/லாக்ரொட்டேட்.டி ஃபோல்டருக்குள் 'கடை' என்று ஒரு ஃபைல் உருவாக்கி இப்படி எழுதலாம்:

/வார்/லாக்/கடை/*.லாக் {
    டெய்லி
    ரொட்டேட் 180
    மிஸ்ஸிங்ஓகே
    நாட்இஃப்எம்ப்டி
    கம்ப்ரஸ்
    டிலேகம்ப்ரஸ்
    டேட்எக்ஸ்ட்
    கிரியேட் 0640 கடை ஏடிஎம்
    ஷேர்டுஸ்கிரிப்ட்ஸ்
    போஸ்ட்ரொட்டேட்
        சிஸ்டம்சிடிஎல் கில் -எஸ் எச்யூபி கடை.சர்வீஸ்
    எண்ட்ஸ்கிரிப்ட்
}

தினமும் சுழற்று, 180 பழைய ஃபைல்களை வைத்திரு, ஃபைல் இல்லையென்றால் சண்டை போடாதே, காலியாக இருந்தால் தொடாதே. முதல் நாலு வரி அவ்வளவுதான். டேட்எக்ஸ்ட் போட்டால் பழைய ஃபைலின் பெயரில் 1, 2, 3 என்ற எண்ணுக்குப் பதிலாகத் தேதி ஒட்டிக்கொள்ளும். "போன மாசம் 14-ஆம் தேதி என்ன நடந்தது?" என்று யாராவது கேட்டால் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

கிரியேட் வரியில் வரும் ஏடிஎம், பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல. லாக் படிக்கும் உரிமை கொண்ட குழுவுக்கு உபுண்டு, டெபியனில் உள்ள பெயர். 0640 என்றால் அப்ளிகேஷன் எழுதலாம், அந்தக் குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை.

கம்ப்ரஸ் வரியை விட்டுவிடாதீர்கள். லாக்கில் ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் ஜிஸிப் அதை நன்றாகச் சுருக்கும். பத்தில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம். டிலேகம்ப்ரஸ் என்பது நேற்றைய ஃபைலை மட்டும் சுருக்காமல் ஒரு நாள் தள்ளிப்போடும். எதற்கு இந்தத் தாமதம்? பெயர் மாற்றிய பிறகும் அப்ளிகேஷன் சிறிது நேரம் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கலாம். பெயர்ப் பலகை கதை ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

சிக்கலான அந்தக் கடைசி வரிகள்

போஸ்ட்ரொட்டேட் முதல் எண்ட்ஸ்கிரிப்ட் வரை உள்ள பகுதிதான் இந்த விதியின் உயிர். இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிகளை அப்படியே காப்பி செய்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

லாக்ரொட்டேட் பெயரை மாற்றிவிட்டது. ஆனால், அப்ளிகேஷன் இன்னும் பழைய ஃபைலைத்தான் பிடித்திருக்கிறது. "அப்பா, அதை விட்டுட்டு புதுசைத் திற" என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். லினக்ஸில் இப்படிச் சொல்வதற்கு சிக்னல் என்ற வழி இருக்கிறது. கில் என்ற பெயர் பயமுறுத்தினாலும், அந்த கமாண்ட் செய்வது சிக்னல் அனுப்புவதை மட்டுமே. என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1 என்ற சிக்னல் போனால் அது லாக் ஃபைல்களை மூடித் திறக்கும். ஆர்சிஸ்லாக்குக்கு எச்யூபி.

உங்கள் சொந்த அப்ளிகேஷனுக்கு? அங்கேதான் கவனம் தேவை. எச்யூபி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கோடில் எழுதப்படவில்லை என்றால், புரோகிராம் அப்படியே முடிந்துபோகும். அதுதான் அந்த சிக்னலின் இயல்பான விளைவு. நள்ளிரவில் லாக் சுழலும், கூடவே அப்ளிகேஷனும் சாகும். காலையில் எழுந்து "ராத்திரி 12 மணிக்கு மட்டும் ஏன் கிராஷ் ஆகுது?" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனவே, அந்த வரியைச் சேர்ப்பதற்கு முன் அப்ளிகேஷனை எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பைத்தானில் வாட்ச்டுஃபைல்ஹேண்ட்லர் பயன்படுத்தியிருந்தால் சிக்னலே வேண்டாம். ஃபைல் மாறிவிட்டதை அதுவே கவனித்துப் புதிதைத் திறந்துகொள்ளும்.

கோடைத் தொடவே முடியாது என்றால் காப்பிட்ரங்கேட் என்று ஒரு வழி உண்டு. கிரியேட் வரியையும் போஸ்ட்ரொட்டேட் பகுதியையும் எடுத்துவிட்டு இந்த ஒரு வார்த்தையைப் போட்டால் போதும். பெயரை மாற்றாமல், உள்ளே இருப்பதை இன்னொரு ஃபைலுக்குக் காப்பி எடுத்துவிட்டு, அசலைக் காலி செய்யும். சொகுசான வழிதான். அதனாலேயே பலர் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடுகிறார்கள். என் கருத்தில் இது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். காப்பி முடிந்து காலி செய்வதற்கு இடைப்பட்ட நொடியில் எழுதப்படும் வரிகள் தொலைந்துபோகலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. பேமென்ட் பதிவு செய்யும் லாக்கில் அந்த ஒரு வரிதான் தேவைப்படும். இன்னொன்று, 10 ஜிபி லாக்கைக் காப்பி எடுக்க இன்னொரு 10 ஜிபி வேண்டும். டிஸ்க் ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்தால்?

காப்பிட்ரங்கேட் போட்ட பிறகும் ஃபைலின் அளவு குறையாததுபோல் தெரிகிறதா? அப்ளிகேஷனை எப்படி ஸ்டார்ட் செய்தீர்கள் என்று பாருங்கள். வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும்போது ஒற்றை > குறி போட்டிருந்தால், ஃபைல் காலியான பிறகும் புரோகிராம் விட்ட இடத்திலிருந்தே எழுதும். 10 ஜிபி-யில் நின்றிருந்தால் 10 ஜிபி-க்கு அப்புறம்தான் அடுத்த வரி. முன்னால் இருப்பது வெறும் வெற்றிடம். எல்எஸ் பெரிய எண்ணைக் காட்டும், டியூ சின்ன எண்ணைக் காட்டும். இரட்டை >> குறி போட்டால் இந்தப் பிரச்னை வராது.

ஜாவாவில் லாக்பேக், லாக்4ஜே, நோடில் பிஎம்2 போன்றவற்றுக்குத் தாங்களே சுழற்றும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் லாக்ரொட்டேட் விதி எழுத வேண்டாம். ஒரே ஃபைலை இரண்டு பேர் சுழற்றினால் வம்புதான்.

சரியாக எழுதிவிட்டோமா?

லாக்ரொட்டேட் -டி என்று கொடுத்து, பக்கத்தில் உங்கள் விதி ஃபைலின் பாதையை எழுதுங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லிக்காட்டும். திருப்தி என்றால் -வி -எஃப் கொடுத்து ஒருமுறை கட்டாயப்படுத்தி ஓடவிடுங்கள். பிறகு எல்எஸ்ஓஎஃப் மூலம் அப்ளிகேஷன் புதிய ஃபைலைத்தான் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் போகாதீர்கள்.

முதல் நாள் எதுவும் சுழலவில்லை என்று பதற வேண்டாம். புதிதாகப் பார்க்கும் ஃபைலின் தேதியை லாக்ரொட்டேட் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். அடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. அந்தக் குறிப்பேடு உபுண்டுவில் /வார்/லிப்/லாக்ரொட்டேட்/ஸ்டேட்டஸ் என்ற ஃபைலில் இருக்கும். எந்த லாக் கடைசியாக எப்போது சுழன்றது என்று அதில் பார்க்கலாம்.

ஃபோல்டருக்கு எழுதும் உரிமை ஒரு குழுவுக்கோ எல்லோருக்குமோ திறந்திருந்தால், அனுமதி பாதுகாப்பாக இல்லை என்று சொல்லி அந்த லாக்கைத் தொடாமல் விட்டுவிடும். இதுவும் நல்லதற்குத்தான். ரூட் உரிமையோடு ஓடும் ஒன்றை, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டருக்குள் அனுப்புவது ஆபத்து. உரிமையை இறுக்கிவிடுங்கள். அல்லது விதிக்குள் எஸ்யூ என்ற வரியில் பயனர் பெயரையும் குழுவையும் கொடுங்கள்.

நட்சத்திரக் குறியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. *.லாக் என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் * போட்டால், ஏற்கெனவே சுழற்றிய ஃபைல்களையும் புது லாக் என்று எண்ணி மறுபடி சுழற்றும். சில வாரத்தில் ஃபோல்டர் குப்பைமேடு ஆகிவிடும்.

இப்போது அந்த 'நாளுக்கு ஒருமுறை' விஷயத்துக்கு வருவோம். சைஸ் 100எம் என்று எழுதினால் லாக் 100 எம்பி-யைத் தாண்டாது என்று பலர் நினைக்கிறார்கள். தாண்டும். லாக்ரொட்டேட் எழுந்து பார்க்கும்போது 100 எம்பி-க்கு மேல் இருந்தால்தான் சுழற்றும். அது நாளுக்கு ஒருமுறைதான் எழுகிறது. நடுவில் 4 ஜிபி ஆனாலும் அதற்குத் தெரியாது. தவிர, சைஸும் டெய்லியும் ஒன்றாக வராது, கடைசியாக எழுதியது மற்றதைத் தள்ளிவிடும். நாள் கணக்கும் வேண்டும், அளவுக் கட்டுப்பாடும் வேண்டும் என்றால் மேக்ஸ்சைஸ் என்று எழுதி, டைமரை மணிக்கொருமுறை ஓடும்படி மாற்ற வேண்டும். டேட்எக்ஸ்ட் போட்டிருப்பவர்கள் கூடவே டேட்ஃபார்மட் வரியில் மணியையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அதே தேதியில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது என்று இரண்டாவது முறை சுழற்றாமல் விட்டுவிடும்.

எத்தனை நாள் வைத்திருப்பது?

டிஸ்க் நிரம்பும் பயத்தில் எல்லோரும் அழிப்பதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால், லாக்ரொட்டேட் ஒவ்வொரு நாளும் எதையோ நிரந்தரமாக அழித்துக்கொண்டிருக்கிறது. எதை, எப்போது என்று யார் முடிவு செய்தது?

உபுண்டு, டெபியன் தொகுப்பில் வரும் என்ஜின்எக்ஸ் விதியைத் திறந்து பாருங்கள். டெய்லி, ரொட்டேட் 14. இரண்டு வாரம். சர்வருக்குள் யார் லாகின் செய்தார்கள் என்ற ஆத்.லாக், ஆர்சிஸ்லாக்கின் விதியில் வருகிறது. வாரம் ஒருமுறை, நாலு ஃபைல். ஏறக்குறைய ஒரு மாதம். இவை யாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வைத்த எண்கள். உங்கள் தொழிலையோ உங்கள் நாட்டுச் சட்டத்தையோ பார்த்து வைத்தவை அல்ல.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சேவை வழங்குநர்கள், டேட்டா சென்டர்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் எல்லாம் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. சைபர் சம்பவம் நடந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. கார்டு விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் இன்னும் கடுமை. ஆடிட் லாக் 12 மாதம் இருக்க வேண்டும், அதில் கடைசி 3 மாதம் உடனே எடுத்துப் பார்க்கும் நிலையில்.

இப்போது ஒரு காட்சியை யோசியுங்கள். ஒரு ஸ்டார்ட்-அப்பின் சர்வருக்குள் ஜனவரியில் ஒருவன் நுழைந்துவிட்டான். ஏப்ரலில்தான் சந்தேகம் வருகிறது. எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தான், எதை எடுத்தான் என்று பார்க்கப் போனால், மாறாத விதிகள் எல்லாவற்றையும் ஒழுங்காக அழித்துவிட்டிருக்கும். எந்த எரரும் இல்லை. எல்லாம் 'சரியாக' வேலை செய்திருக்கிறது.

"180 நாளா? டிஸ்க் தாங்குமா?" என்ற கேள்வி வரும். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 200 எம்பி, 180 நாளுக்கு 36 ஜிபி. பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் 3.6 ஜிபி. ஒரு ஹெச்டி படத்தின் அளவுதான். டீபக் லாக்கை ஆஃப் செய்து வைத்திருந்தால் செலவு ஒன்றும் பெரிதில்லை.

ஆனால், ரொட்டேட் 180 என்பது 180 நாள் அல்ல, 180 ஃபைல் என்பதைக் கவனியுங்கள். தினமும் ஒன்று என்றால் இரண்டும் ஒன்றுதான். மேக்ஸ்சைஸ் போட்டு நாளைக்கு பத்து முறை சுழன்றால் 180 ஃபைல் என்பது 18 நாள். அப்படிப்பட்ட லாக்குக்கு ரொட்டேட் எண்ணை ஆயிரக்கணக்கில் உயர்த்திவிட்டு, மேக்ஸ்ஏஜ் 180 என்று நாள் கணக்கில் கட்டுப்படுத்துவது நல்லது.

அதே சர்வரில் வைத்திருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ரூட் உரிமை கிடைத்த திருடன் முதலில் அழிப்பது லாக்கைத்தான். சுருக்கிய ஃபைல்களைத் தினமும் வேறொரு சர்வருக்கோ கிளவுட் ஸ்டோரேஜுக்கோ அனுப்பிவிடுங்கள். அங்கே அழிக்கும் உரிமை இந்த சர்வருக்கு இருக்கக் கூடாது.

நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறோம் என்றால் உள்ளே என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியமாகிறது. இப்போது எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் ட்விட்டர், 2018 மே மாதம் தன் பயனர்கள் எல்லோரையும், சுமார் 33 கோடி பேரை, பாஸ்வேர்டை மாற்றிவிடச் சொன்னது. மறைக்கப்படாத பாஸ்வேர்டுகள் ஒரு பிழையால் உள் லாக் ஒன்றில் பதிவாகிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்டு, ஓடிபி, ஆதார் எண் போன்றவை லாக்கில் விழாமல் பார்ப்பது கோடு எழுதுபவரின் வேலை. லாக்ரொட்டேட் அதைச் சுருக்கித் தரும், சுத்தம் செய்து தராது.

லாக்ரொட்டேட் தொடாத இரண்டு இடங்கள்

ஒன்று, சிஸ்டம்டி ஜர்னல். இதற்குத் தனி ஏற்பாடு. ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவிகிதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று தானே எல்லை வைத்துக்கொள்ளும். ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ் என்று கொடுத்தால் இப்போது எவ்வளவு என்று சொல்லும். இங்கேயும் எல்லை அளவில்தான், நாளில் அல்ல. பேச்சு அதிகமுள்ள சர்வரில் 4 ஜிபி ஒரு வாரத்துக்குக்கூட வராது.

இரண்டாவது, டாக்கர். கன்டெய்னர் திரையில் எழுதுவதையெல்லாம் டாக்கர் /வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஜேசன் ஃபைலாகச் சேர்க்கும். வழக்கமான ஜேசன்-ஃபைல் அமைப்பில் இதற்கு எல்லையே இல்லை. டிஸ்க் தீரும்வரை வளரும். /இடிசி/டாக்கர்/டெமன்.ஜேசன் ஃபைலில் லாக்-ஆப்ட்ஸ் என்ற பகுதியில் மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3 என்று கொடுத்து டாக்கரை ரீஸ்டார்ட் செய்தால், ஒரு கன்டெய்னருக்கு 30 எம்பி-யோடு நின்றுவிடும். 180 நாள் தேவைப்படும் லாக் என்றால் 30 எம்பி-யை நம்பாமல் வெளியே அனுப்பியாக வேண்டும். இந்த மாற்றம் புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றை வெறுமனே ரீஸ்டார்ட் செய்தால் போதாது. நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். நீக்கும்போது அதன் பழைய லாக்கும் சேர்ந்தே போய்விடும் என்பதால், அதை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.